ஒரு எழுத்து பாக்கி

பட்டியலில் பூஜ்யம் என்று இருந்தது.

ரோண்டா மூடித் திறந்து பார்த்தாள். பூஜ்யம்தான். காட்டுத்தீக்குப் பயந்து ஊரைக் காலி செய்த ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு பேரும், யார் எந்தப் பஸ்ஸில் எந்த ஊருக்குப் போனார்கள் என்பதும், ஒரு மணி நேரம் முன்புவரை அதில் இருந்தன.

பட்டியலின் மென்பொருளை அடைத்து ஓடவிடும் பெட்டியைக் கன்டெய்னர் என்பார்கள்; பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை ஓடவிட்டவள் அவள்தான். பட்டியலைச் சேமிக்கும் டேட்டாபேஸ் எழுதுவதற்கு அந்தப் பெட்டிக்கு வெளியே ஒரு நிலையான இடம் ஒதுக்கித் தர வேண்டும் என்பது தெரியாதவள் அல்ல. அவசரத்தில் விட்டுவிட்டாள்.

முகாமாக மாறியிருந்த பள்ளிக்கூட ஜிம்மில், மேஜைக்கு அந்தப் பக்கம் முதியவர் கோவால்சுக் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். முதியோர் இல்லத்தில் சக்கர நாற்காலியில் இருந்த தன் மனைவி ஓல்காவை எங்கே கொண்டுபோனார்கள் என்று மூன்றாவது தடவையாகக் கேட்டார். இதோ சொல்கிறேன் என்றாள்.

அப்போதுதான் நினைவு வந்தது. நாம் இடம் தராவிட்டால் டேட்டாபேஸுக்குத் தானாகவே வெளியே ஒரு இடம் கிடைத்துவிடும், பெயரில்லாமல். கன்டெய்னர் போனாலும் அது அங்கேயே கிடக்கும். யாராவது பெருக்கித் தள்ளினால்தான் போகும்.

புதியதை ஓடவிட்ட கையோடு, டிஸ்க் நிரம்பி வழிகிறது, பெயரில்லாமல் கிடக்கும் குப்பையையெல்லாம் பெருக்கித் தள்ளுங்கள் என்று உதவியாளர் வெர்னிடம் சொன்னதும் அவள்தான்.

ஓடினாள்.

வெர்ன் இருக்கையில் இல்லை. காபி ஆறிக் கிடந்தது. திரையில் அழிக்கச் சொல்லும் கட்டளை. அதற்குக் கீழே, நிச்சயமாகவா என்ற கேள்வி. ஆம் என்பதற்கான ஒற்றை எழுத்து தட்டப்படவில்லை.

நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது.

வெர்ன் மூச்சு வாங்க வந்தார்.

“கோச்சுக்காதம்மா, கட்டில் தூக்க ஆளில்லன்னு கூப்பிட்டாங்க, போயிட்டேன். ஒரு எழுத்துதான் பாக்கி, இதோ தட்டிடறேன்.”

நீட்டிய கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் விடவில்லை.

பெயரில்லாத இடத்தில் கிடந்ததையெல்லாம், இந்தத் தடவை பெயர் வைத்த ஒரு இடத்துக்கு மாற்றினாள். ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு பேரும் வந்துவிட்டார்கள். ஓல்கா ஏழாம் பஸ், வெஸ்ட்லாக் ஊர். கோவால்சுக் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார்.

மேஜைக்குத் திரும்பினாள். மேலதிகாரிக்குக் காலையில் பாதி எழுதிய கடிதம் திறந்தபடியே இருந்தது. வெர்ன் எடுத்த வேலை எதையும் முடிப்பதில்லை, வேறு ஆள் வேண்டும்.

அதை அழிக்கச் சொன்னாள். நிச்சயமாகவா என்று கேட்டது.

யோசிக்காமல் தட்டினாள்.