ஏழாம் எண் வீட்டுக் கண்ணாடி

நான்காவது கண்ணாடிச் சதுரமும் நடைபாதையில் விழுந்து சிதறியது. தெறித்த சில்லு ஒன்று, பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் ஹம்ஃப்ரியின் கன்னத்தைக் கிழித்துவிட்டுப் போனது.

முதல் மாடி ஜன்னலில், கணப்பு கிளறும் இரும்புக் கம்பியோடு மெரியல் நின்றாள். தலை கலைந்து, கண் சிவந்து.

“அடிப் பாவி! ஜார்ஜ் ராஜா காலத்துக் கண்ணாடிடி அது!” என்று கீழேயிருந்து அலறினாள் லவீனியா. இங்கிலாந்தின் பாத் நகரத்திலுள்ள அந்தப் பழைய கல்வீட்டு வரிசைக்குப் பாதுகாப்புச் சங்கம் ஒன்று உண்டு; அதன் தலைவி அவள். வாசல் கதவுக்கு வேறு நிறம் அடித்தவரையே கோர்ட்டுக்கு இழுத்தவள்.

ஐந்தாவது சதுரம். ஆறாவது.

“பாவம் அந்த ஜைல்ஸ். இவளக் கட்டிக்கிட்டு எப்படித்தான் குப்பை கொட்டுறாரோ! முகப்புக் கல்லு ஒண்ணு விரிசல் விட்டதுக்கே கண்கலங்கின மனுஷன்” என்றாள் லவீனியா.

“சட்டப்படி உள்ள தள்ளணும். ரெண்டு வருஷம் களி தின்னாத்தான் புத்தி வரும்” என்று ஹம்ஃப்ரி கைக்குட்டையால் ரத்தத்தை அழுத்திக்கொண்டார்.

மெரியல் கம்பியைத் தாழ்த்திக்கொண்டு, அசையாமல் தெருவையே பார்த்தாள். வீட்டுக்குள்ளிருந்து தடார் தடாரென்று சத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

“கேட்டீங்களா? கதவையும் உடைக்கிறா!” லவீனியா நெஞ்சில் கைவைத்தாள்.

லவீனியா போன் செய்த ஏழே நிமிடத்தில் நகராட்சியின் பழங்கட்டட அதிகாரி சைக்கிளில் வந்து இறங்கினார். அதற்குள் தெருவே திரண்டிருந்தது.

“ஜன்னல்ல பன்னிரண்டு சதுரமாச்சே, எத்தனை மிச்சம்?” என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

“ஆறு சார். அதையும் போட்டு உடைக்கிறதுக்குள்ள வாங்க!”

எல்லா வீட்டு மாற்றுச் சாவியும் சங்கத்தில், அதாவது லவீனியாவின் கைப்பையில், இருந்தது. வாசல் கதவைத் திறந்தாள். பதினைந்து பேர் வளைந்த கல் படிக்கட்டில் தடதடவென்று ஏறினார்கள்.

மேலே, மூடிய அறைக்கு முன்னால் ஜைல்ஸ் மூச்சு வாங்க நின்றிருந்தார். கூட்டத்தைக் கண்டதும் மடித்துவிட்டிருந்த சட்டைக் கையை இறக்கிக்கொண்டார்.

“நல்லவேளை வந்தீங்க. உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா. கொஞ்ச நாளாவே அவ மனசு சரியில்ல.”

“கதவத் திறம்மா! நகராட்சியிலேருந்து வந்திருக்கோம்!” அதிகாரி தட்டினார்.

தாழ்ப்பாள் விலகியது. மெரியலின் ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. கழுத்தில் ஐந்து விரலும் பதிந்து கன்றியிருந்தது. கம்பி கையைவிட்டுத் தரையில் விழுந்தது.

லவீனியாவின் பார்வை அவளைத் தாண்டி ஜன்னலுக்குப் போனது.

“இருநூத்தம்பது வருஷக் கண்ணாடிம்மா! ஏதாவது பிரச்சினைன்னா எங்களக் கூப்பிட்டிருக்கக் கூடாதா?”

மெரியல் உதட்டு ரத்தத்தைப் புறங்கையால் துடைத்தாள்.

“மூணு வருஷமாக் கத்துறேன். கண்ணாடிக்குத்தானே வந்தீங்க!”