மாப்பிள்ளை எழுதிய பக்கம்

"மாப்பிள்ளையை ஒரு பக்கம் எழுதச் சொல்லலாமுங்களா?" என்று பெண்ணின் அப்பா சென்னியப்பன் கேட்டதும் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கூடத்துச் சுவர்த்திரையின் பக்கம் திரும்பினார்கள். முன்பெல்லாம் பெண்ணைப் பாடச் சொல்வார்கள். இப்போது மாப்பிள்ளை, இயந்திரத்தின் உதவியில்லாமல், எல்லோர் முன்னாலும் ஓர் இணையப் பக்கம் எழுதிக் காட்ட வேண்டும். கணினிக்கு நிரல் எழுதும் வேலையை இயந்திரமே எடுத்துக்கொண்ட பிறகு வந்த சம்பிரதாயம் இது.

மாப்பிள்ளை யுகேந்திரன் இதற்கென்றே திருப்பூரில் ஒரு வகுப்புக்குப் போயிருந்தான். தலைப்பு, படம், பட்டன், அவ்வளவுதான் பாடம். மேற்கொண்டு கற்க எவனும் வருவதில்லை. அதற்குள் எல்லோருக்கும் கல்யாணம் ஆகிவிடுகிறது.

வியர்க்க வியர்க்க எழுதினான். சுவர்த்திரையில் பிள்ளையார் படம் வந்தது. அதன் கீழே மிருதுளா என்று பெண்ணின் பெயர். அதற்கும் கீழே இரண்டு பட்டன்கள்: சம்மதம், சம்மதமில்லை. உறவுக்காரர்கள் கைதட்டினார்கள்.

"கலர்கூட அவனே போட்டதுங்க," என்றாள் அவன் அம்மா.

"போய் அமுத்து கண்ணு," என்றார் சென்னியப்பன்.

மிருதுளா எழுந்து போய், எல்லோரும் பார்க்க, 'சம்மதமில்லை'யை அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் அழுத்தினாள்.

"அமுத்தினா வேலை செய்ய வைக்கறது அடுத்த பாடமுங்க," என்றான் யுகேந்திரன். "நான் அதுக்குப் போகலைங்க."

"அதனால என்னங்க மாப்பிள்ளை, கல்யாணத்துக்கு அப்புறம் படிச்சுக்கலாம்," என்றார் சென்னியப்பன்.

வெற்றிலைத் தட்டு கைமாறியபோதும் அவள் அந்தப் பட்டனை அழுத்திக்கொண்டுதான் இருந்தாள்.