ஒத்தப் பேப்பர்

விண்ணப்பிக்கிறவர்களில் நூற்றுக்கு நாலு பேருக்குத்தான் இடம் என்று கணினித் திரை கறாராகச் சொல்லிவிட்டது.

காயத்ரி அந்த வரியை இன்னொரு முறை படித்தாள். பிளஸ் டூவில் கீரப்பாளையத்துக்கே முதல் மதிப்பெண் வாங்கியவள்தான். ஆனால் இந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் முன்னால் அதெல்லாம் எந்த மூலைக்கு?

"அந்த நாலுல ஒண்ணு நீ. மீதி மூணு பேரைத்தான் அவுங்க தேடணும்" என்றாள் அம்மா.

மாலதி ஒன்றை நினைத்துவிட்டால் விடமாட்டாள். சிதம்பரம் கீழவீதியில், அந்தோணிசாமியின் பிரௌசிங் சென்டரில், காலையிலிருந்து மகள் முதுகுக்குப் பின்னாலேயே நிற்கிறாள்.

அப்படிப்பட்டவள் தபால் வழி பி.ஏ.வில் மட்டும் எப்படிக் கோட்டை விட்டாள் என்பது குடும்பத்தில் யாருக்கும் விளங்காத விஷயம். மற்றதெல்லாம் பாஸ். ஆங்கிலம் மட்டும், காயத்ரி ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷத்திலிருந்து அரியர். வருஷா வருஷம் பரீட்சைக்கென்று கடலூருக்கு பஸ் ஏறுவாள். சாயங்காலம் ஒரு பை நிறையப் பலாச்சுளையோடு திரும்புவாள். ரிசல்ட் மட்டும் வராது.

"எங்க அக்கா பி.ஏ., ஒத்தப் பேப்பர் பாக்கி" என்று கதிர்வேல் மாமா கல்யாணப் பந்தியில்கூடச் சொல்லிச் சிரிப்பு மூட்டுவார். அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள். காயத்ரிக்குத்தான் கோபம் வரும். மாமா மீது கொஞ்சம், அம்மா மீது நிறைய. ஒரே ஒரு பேப்பர். உட்கார்ந்து படித்தால் வராதா?

தன்னைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியிருந்த கட்டுரையை அவள் கடைசியாக ஒரு முறை ஓட்டிப் பார்த்தாள். பின்னாலிருந்து ஒரு விரல் திரையைத் தொட்டது.

"இங்க 'வாஸ்' வராதுடி. 'வேர்' வரணும்."

காயத்ரி திரும்பிப் பார்த்தாள். அம்மா திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் திருத்தினாள்.

அடுத்த கேள்வி: பெற்றோரில் எவரேனும் பட்டதாரியா?

"இதைப் பாத்துப் போடும்மா. குடும்பத்துல முதல் பட்டதாரின்னா அவுங்க தனியா கவனிப்பாங்க" என்றார் அந்தோணிசாமி.

அப்பா எட்டாம் வகுப்போடு நின்றவர். காயத்ரி வாய் திறப்பதற்குள் அம்மா சொன்னாள்.

"இல்லைன்னு போடு."

போட்டாள். அனுப்பினாள். வந்து சேர்ந்தது என்று திரையில் பதில் வந்தது. அம்மா அதை உதடு அசைய இரண்டு முறை படித்தாள்.

பிறகு கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து மேசைமேல் வைத்தாள். உள்ளே பழைய ஹால் டிக்கெட்டுகள். வருஷத்துக்கு ஒன்று. காயத்ரி ஒவ்வொன்றாகப் புரட்டினாள். பரீட்சை அறையில் கண்காணிப்பாளர் கையெழுத்துப் போட வேண்டிய கட்டம் ஒன்றில்கூட நிரம்பவில்லை.

"அண்ணே, எனக்கும் ஒரு அரியர் பாரம் போடணும்" என்றாள் அம்மா. "இந்த வாட்டி எழுதப் போறேன்."