மதகுச் சாவி

"அக்கா புருஷன்னு பார்க்காதே. நடந்ததை நடந்தபடி சொல்லு" என்றார் மேனேஜர்.

புல் வெட்டும் வண்டி ஓட்டுகிறவன் பார்க்கவா போகிறான்? அவனுக்கு உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. எதிரே பம்ப் ஆபரேட்டர் மாமா, யாருக்கு வந்த விருந்தோ என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ஜன்னலுக்கு வெளியே கோல்ஃப் மைதானம் நாறியது. குளம் பொங்கி, பொத்திப் பொத்தி வளர்த்த புல்லெல்லாம் நாள்கணக்கில் ஊறி அழுகிக் கிடந்தது.

புயல் வருகிறது என்றதும் அத்தனை பேரும் பேயாக உழைத்தார்கள். கொடிக்கம்புகளைப் பிடுங்கினார்கள். வண்டிகளை மேட்டுக் கொட்டகையில் ஏற்றினார்கள். மாமாவுக்கு இருந்தது ஒரே வேலை. மதகைத் திறந்து, குளத்தை வடித்து, மழைத் தண்ணீருக்கு இடம் பண்ண வேண்டும். அதைத்தான் செய்யவில்லை.

"ஏன்யா திறக்கலை?"

"மறந்துட்டேங்க."

"மறந்துட்டாராம்!" வண்டிக்காரன் பாய்ந்தான். "சோறு திங்க மறந்தீங்களா மாமா? புல் முளைக்கிற வரைக்கும் யாரும் வேலைக்கு வரவேண்டாம்னுட்டாங்க. எங்க எல்லார் வயித்துலயும் மண்ணைப் போட்டுட்டு மறந்துட்டேங்கறீங்க!"

மாமா தரையைப் பார்த்தார்.

"குடிச்சிருந்தானா?" மேனேஜர் அவனைத்தான் கேட்டார்.

மாமா குடித்து அவன் பார்த்ததே இல்லை. ஆனாலும் வாய் முந்திக்கொண்டது.

"ஆமா சார். நிக்க முடியாத அளவுக்கு."

மாமா தலையைத் தூக்கினார். கோபப்படவில்லை.

"மாப்ளே சொன்னா சரியாத்தான் இருக்கும்."

மதகுச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மேனேஜர் அதை அவன் பக்கம் தள்ளினார். "இனிமே நீதான் பம்ப் ஆபரேட்டர். இன்னிக்கே சேர்ந்துக்கோ."

ஊரே வேலையில்லாமல் குந்தியிருக்கத் தனக்கு மட்டும் வேலை! கொதிப்பெல்லாம் எங்கே போனதோ, இடுப்பு தானாக வளைந்தது.

"அடுத்த புயலுக்குப் பாருங்க சார். மொத்தத் தண்ணியையும் கடலுக்குத் தள்ளிடறேன்."

"கடலுக்கா? யாருய்யா சொன்னா?" மேனேஜர் சிரித்தார். "குழாய் மண்ணுக்கடியில போகுதா, எல்லாரும் அப்படியே நினைச்சுக்கறீங்க. அது உங்க சந்துலதான் போய்த் திறக்குது. மழையும் சேர்ந்தா கழுத்து வரைக்கும் நிக்கும். எனக்கும் உன் மாமனுக்கும்தான் தெரியும். அவன் மறந்தானா, மறந்த மாதிரி நடிச்சானான்னு எனக்கு இன்னமும் சந்தேகம்தான்."

வண்டிக்காரன் மேசைமேலிருந்த சாவியைப் பார்த்தான். புயலன்று அவன் பிள்ளைகள், அக்கா, வேலை போன அத்தனை பேருடைய குடும்பமும் அந்தச் சந்தில்தான் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தார்கள். விடிந்ததும் எழுந்து மாமாவைக் காறித் துப்பினார்கள்.

"வெளியில மூச்சு விடாதே. உன் பொண்டாட்டி பிள்ளைங்களை மட்டும் முன்னாடியே எங்கேயாவது அனுப்பிடு. என்ன, அடுத்த புயலுக்குத் திறந்துடுவே இல்ல?"

அவன் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"திறந்துடறேன் சார்."