குளியல் தொட்டியில் தக்காளி நாற்று

மாலை வெயில் நாற்றுக்கூடத்தின் பச்சை வலை வழியே சலித்து விழுகிறது. பொட்டலத்தின் வாயில் கத்தரிக்கோலை வைத்தவள், தண்ணீர் வாளியை முகர்ந்து பார்த்து அப்படியே நிற்கிறாள். போன பருவத்தில் வாடல் பூஞ்சை ஒரு தக்காளிச் செடியைக்கூட விட்டுவைக்கவில்லை. அந்தப் பூஞ்சையை வேரில் அண்டவிடாத மண் பாக்டீரியா, மாவோடு மாவாக, உயிரோடு இந்தப் பொட்டலத்துக்குள் இருக்கிறது. கையில் இருப்பது இது ஒன்றுதான். பிடுங்கிய நாற்றோ ஈரச்சாக்கில் காத்துக் கிடக்கிறது. "வாளியை எதால கழுவுனீங்க?" "பளிச்சுனு இருக்கட்டுமேன்னு பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ச்சேன்," என்கிறான் கணவன், ஒரு சபாஷை எதிர்பார்த்து. "நல்லா தேய்ச்சீங்க போங்க. இதுல கொட்டியிருந்தா அத்தனையும் செத்துப் போயிருக்கும்." அவன் முகம் சுருங்கிப்போகிறது. சுத்தம் சோறு போடும் என்று கேட்டு வளர்ந்தவன், பாவம், அவனுக்கு எப்படித் தெரியும்? அவள் வீட்டுக்குள் போய்க் குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டியைத் தூக்கிவந்து, கிணற்றுத் தண்ணீர் நிரப்பி, பொட்டலத்தை வெட்டிக் கொட்டுகிறாள். "அப்ப பாப்பாவுக்கு?" "ஒரு நாள் குளிக்கலேன்னா ஒண்ணும் தேய்ஞ்சிட மாட்டா. கையை அலசிட்டு வாங்க, வெறும் தண்ணியில." அலசிவந்து மண்டியிடுகிறான். ஒரு பிடி நாற்றை எடுத்து, கலங்கிய தண்ணீரில் வேர் மட்டும் நனைய இறக்குகிறான். தினமும் பாப்பாவின் பிடரியைத் தாங்குகிற இடது உள்ளங்கை, தண்டுகள் சாய்ந்துவிடாமல் தானாகவே அடியில் போய் நிற்கிறது. அவள் அடுத்த பிடியை அவன் பக்கமாக நகர்த்தி வைக்கிறாள்.