வாசலில் கிடந்த செருப்பு

“அந்தச் செருப்ப உள்ள எடுத்து வச்சீங்களா, இல்லியா?”

சமையலறையிலிருந்து வரலட்சுமி கேட்பது இது மூன்றாவது தடவை.

“வச்சிட்டேன், வச்சிட்டேன். கட்டிலுக்கு அடியில, டிரங்குப் பெட்டிக்குப் பின்னால கீது. எமனே வந்து தேடினாலும் கிடைக்காது” என்றான் ராஜேந்திரன், முகமெல்லாம் சவர சோப்பு நுரையோடு.

அவன் வச்சிட்டேன் என்றால் இனிமேல்தான் வைக்கப்போகிறான் என்று அர்த்தம். இருபது வருஷமாகக் குடும்பம் நடத்துகிறவளுக்கு இது தெரியாதா? ஆனால் அடுப்பில் கேசரி இருந்தது. பெண் பார்க்க வருகிறவர்கள் பஸ்ஸை விட்டு இறங்குகிற நேரமும் ஆகிவிட்டது.

வரலட்சுமிக்குக் கால் பெருவிரல் மூட்டு புடைத்து, விரல் சாய்ந்து பக்கத்து விரல்மேல் ஏறிக்கொண்டிருந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் ஆயா வேலை, நாளெல்லாம் நிற்க வேண்டும். அங்கிருந்த டாக்டர்தான் தொழுநோய் ஆஸ்பத்திரியில் செருப்புத் தைக்கிற மோசஸிடம் அனுப்பினார். மோசஸ் அங்கேயே குணமானவர். மடங்கிப்போன விரல்களோடு அவள் பாதத்தைத் தன் மடியில் தூக்கி வைத்து அளவெடுத்தார். புடைப்புக்கு ஒரு குழி, நடுப்பாதத்துக்கு ஒரு மேடு என்று கறுப்பு ஸ்பாஞ்சு அட்டையைச் சீவிச் சீவிப் பொருத்திக் கொடுத்தார். அதைப் போட்ட பிறகுதான் அவள் ராத்திரியில் முனகாமல் தூங்கினாள்.

ஆனால் அந்தக் கறுப்பு அட்டையைப் பார்த்தால் செங்கல்பட்டில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும், பெருவியாதி ஆஸ்பத்திரிச் செருப்பு என்று. ஒருநாள் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவள் அவள் காலைப் பார்த்துவிட்டு எழுந்து போனாள். அன்றிலிருந்து புடவையைத் தழையவிட்டு மறைத்தே நடந்தாள். கூடப்பிறந்த அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை.

அவள் அடுப்பைவிட்டு வருவதற்குள் வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா சந்திரம்மா, ஊரப்பாக்கத்துக்காரி, கலகலவென்று பேசினாள். வரலட்சுமியின் மகள் சாந்தாவைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பிடித்த கையை விடவே இல்லை.

“சம்மந்தி, நீங்களும் வந்து குந்துங்க. காபி எங்க ஓடிடப் போவுது?”

வெற்றிலை பாக்குகூட மாற்றவில்லை, அதற்குள் சம்மந்தி என்கிறாளே! வரலட்சுமிக்கு வயிறு குளிர்ந்தது.

அப்போதுதான் அவள் அண்ணன் ஜம்புலிங்கம் தாமதமாக வந்து சேர்ந்தான். வாசலிலேயே நின்று சத்தமாகக் கேட்டான்.

“இன்னாம்மா இது, பெருவியாதிக்காரங்க செருப்பு நம்ம வூட்டு வாசல்ல கீது?”

கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வரலட்சுமி எட்டிப் பார்த்தாள். அதே கறுப்பு அட்டை, அதே வார். இந்த மனுஷன் உள்ளே வைக்கவே இல்லை.

“எவளோ பிச்சைக்காரி வுட்டுட்டுப் போயிருப்பாண்ணே” என்றாள், உள்ளே இருப்பவர்களுக்கும் கேட்கும்படி. “அந்த மாதிரி ஜனங்கள நாங்க வாசப்படி மிதிக்க வுடறதில்ல.”

சொன்னதோடு நிற்கவில்லை. துடைப்பத்தின் நுனியால் இரண்டையும் தள்ளிக்கொண்டே போய்ச் சாக்கடையில் விழவைத்தாள். மோசஸின் மடங்கிய விரல்கள் நினைவுக்கு வந்தன. அவளுக்குத் தன்னை நினைத்தே கூசியது. பெற்ற பெண்ணுக்காகத்தானே என்று மனசைத் தட்டிக்கொடுத்துக்கொண்டாள்.

கை கழுவிவிட்டு வந்தபோது சந்திரம்மா சாந்தாவின் கையை விட்டிருந்தாள். மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

“நீ சும்மா இரு நைனா” என்று அவனை அடக்கிவிட்டு எழுந்தாள். “நேரமாச்சி. கலந்து பேசி லெட்டர் போடறோம்மா.”

சம்மந்தி போய், வெறும் அம்மா ஆகிவிட்டது. வழியனுப்ப எழுந்த வரலட்சுமியையும், “நீங்க இருங்க, வெளியில வெயிலு” என்று கூடத்திலேயே நிறுத்திவிட்டாள். ஜம்புலிங்கம்கூட வழியனுப்பப் போகவில்லை. அவன் கேசரித் தட்டோடு உட்கார்ந்துவிட்டான்.

அவர்கள் படியிறங்கியதுதான் தாமதம், வரலட்சுமி புருஷனை உள்ளறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

“எல்லாம் ஒங்களாலதான். எத்தினி வாட்டி சொன்னேன், உள்ள வையுங்கன்னு?”

“வச்சேன்டி” என்ற ராஜேந்திரன், கட்டிலுக்கு அடியில் கையைவிட்டு, டிரங்குப் பெட்டிக்குப் பின்னாலிருந்து அவளுடைய கறுப்புச் செருப்பை இழுத்து அவள் காலடியில் போட்டான்.

வரலட்சுமி ஜன்னலுக்கு ஓடினாள். வைகாசி வெயிலில் தார் இளகிக் கிடந்த ரோட்டில், மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலைச் சாய்த்துச் சாய்த்து வைத்துப் போய்க்கொண்டிருந்தாள் சந்திரம்மா.