வாசல் தெளித்த தண்ணீர்

உங்கள் வீட்டுச் சுவர் பிளந்தால் யாரைச் சந்தேகப்படுவீர்கள்? அந்த இமயமலை ஊரில் வீட்டுக்கு வீடு மாட்டியிருந்த பெட்டியே காரணத்தைச் சொல்லிவிடும். வீட்டார்மேல் இரண்டு முறை குற்றம் சொன்னால் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

புருஷனின் சுரங்க வேலைக்காகத் தெற்கேயிருந்து வந்த இசக்கியம்மாள் வீட்டுப் பெட்டி ஏற்கெனவே ஒருமுறை சொல்லிவிட்டது: "வாசலில் தெளிக்கும் தண்ணீர்."

"ஒரு செம்புத் தண்ணிக்கு மலை எறங்குமாக்கும்? நீங்க சுரங்கத்துல வைக்கிற வெடி என்ன, ஊசிப்பட்டாசா? அத ஒருநாளாச்சும் சொல்லிச்சா?"

"மெதுவாப் பேசுட்டி. பொட்டிய மாட்டுனதே எங்க கம்பெனிதான்" என்றான் புருஷன் சுடலைமுத்து.

"அப்படிப் போடுங்க! நாளைக்கு நான் வாசலே தெளிக்கல. என்ன சொல்லுதுன்னு பாப்போம்."

மறுநாள் காலை அவள் செம்பைத் தொடவில்லை. சுரங்கத்தில் வெடி வைத்தார்கள். வாசல்படி பிளந்தது. பெட்டி, "வாசலில் தெளிக்கும் தண்ணீர்" என்றது.